மேசைமேல் வைத்த டம்ளர்

ஜன்னலை மூட வேண்டாம், இருக்கட்டும். காற்று என்னை ஒன்றும் செய்யாது. அடுப்பு முன்னால் நின்றே காய்ந்துபோன முகம் இது. நீங்களும் திருப்பூர்தானா? நல்லதாகப் போயிற்று. சாத்தூரில் பஸ் நின்றதும் யாராவது ஆண்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவானோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்தூரில் எந்தப் பக்கம் நீங்கள்? ஓகோ. இல்லை, சும்மாதான் கேட்டேன். டவுனில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்.

என் மகன் கதிரேசன் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறான். கடையை மூடிவிட்டு வந்துவிடு என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தலைகாட்ட முடியாமல் எதற்காக அந்த ஊரில் கிடக்கிறாய் என்கிறான். தலைகாட்ட முடியாதபடி நான் என்ன செய்துவிட்டேன், சொல்லுங்கள். திருடினேனா? யார் குடியையாவது கெடுத்தேனா? டீக்கடை வைத்திருக்கிறேன். செண்பகம் டீக்கடை என்றால் டிரைவர்கள் பஸ்ஸை நிறுத்திக் குடித்துவிட்டுப் போவார்கள். விறகடுப்பு டீ. அதற்கென்று ஒரு ருசி உண்டு.

ஆடி மாதம் பேப்பரில் ஒரு போட்டோ வந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் ஞாபகம் இருக்காது. நீளமான மேசை, மேலே வெள்ளைத் துணி, அதன்மேல் அரிவாளும் வேல்கம்புமாகப் பரப்பி வைத்திருப்பார்கள். பின்னால் போலீஸ்காரர்கள் நிற்பார்கள். ‘பொதுமக்கள் ஒப்படைத்த ஆயுதங்கள்’ என்று கீழே போட்டிருக்கும். நடுவில் ஒரு அலுமினிய டம்ளர் இருக்கும் பாருங்கள். அது என் கடை டம்ளர்.

இப்போது சொல்லும்போதுகூட உடம்பு கூசுகிறது.

வைகாசி மாதம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. காலனிப் பையன்கள் எங்கள் தெரு வழியாகப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு பைக்கில் போனார்கள் என்று ஒரு பேச்சு. எங்கள் பையன்கள் மறித்தார்கள். அப்புறம் வெட்டு. யாரும் சாகவில்லை, அம்மன் புண்ணியம். ஒருவனுக்கு மட்டும் விரல் போயிற்று. அவர்கள் பக்கம்தான். அதற்குப் பிறகு ஊருக்குள் ஒரு வேன் நிறையப் போலீஸ். என் கடையில்தான் டீ. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

புதிதாக வந்த பெரிய அதிகாரி ஒரு பெண்பிள்ளை. சின்ன வயதுதான். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லச் சொல்லிவிட்டார். யார் வீட்டில் என்ன ஆயுதம் இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், கேஸ் கிடையாது, பெயர் கேட்க மாட்டோம், எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம். கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு எவர்சில்வர் குடம். டவுனில் ஒரு பாத்திரக்கடைக்காரர் குடம் முழுவதும் இனாமாகத் தருகிறார் என்று.

எங்கள் தெரு ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டறையில் புதிதாக அடித்து வாங்கிய அரிவாள்கள் எல்லாம் அன்றைக்கே வைக்கோல் படப்புக்குள் போய்விட்டன. ஆனால் குடம் வேண்டும். யார் விடுவார்கள்? அதனால் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒருவர் அரிச்சந்திர நாடகத்து மரக்கத்தியைக் கொண்டுவந்தார், ஜிகினாத்தாள் ஒட்டினது. ஒருவர் தீபாவளித் துப்பாக்கி. ஒருத்தி உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாள். அது எப்படி ஆயுதம் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, எங்க அத்தை கைக்குப் போனா அது ஆயுதந்தான் என்றாள். அப்ப அத்தையையே கொண்டாந்து ஒப்படைச்சிருக்கலாமே என்று பின்னால் யாரோ சொல்ல, அந்த அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். குடத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல மாதிரிதான். என்ன கொண்டுவந்தாலும் முகம் சுளிக்கவில்லை. வாங்கி, ஒரு சீட்டைக் கட்டி, மேசையில் வைத்தார்கள்.

நானும்தான் போனேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? கால் உடைந்த அரிவாள்மணை ஒன்று கிடந்தது. கொடுத்தேன், குடம் வாங்கினேன். நல்ல கனமான குடம். கழுத்தில் கடைக்காரர் பெயர் வெட்டியிருக்கும்.

ஒரே வரிசை என்று அந்த அதிகாரி சொல்லிவிட்டார். எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று என்று கிடையாது. எனக்குப் பின்னால் குருவம்மா நின்றாள். ஒட்டி நிற்கவில்லை, இரண்டு ஆள் இடம் விட்டுத்தான் நின்றாள். யாரும் சொல்லாமலே அப்படித்தான் நிற்பாள். தன்மையான பொம்பளை. முந்தானைக்குள் எதையோ வைத்திருந்தாள். என்னடி கொண்டாந்திருக்க என்று கேட்டேன். ஒண்ணுமில்ல தாயி என்றாள். காய் நறுக்குகிற கத்தியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குருவம்மா யார் என்று உங்களுக்குச் சொல்லவில்லையே. காலனிக்காரிதான். என் அடுப்புக்கு விறகு அவள்தான் போடுவாள். வேலிக்கருவை, நன்றாகக் காய்ந்தது, முள் சீவி, அளவாக வெட்டி, விடியக் கருக்கலில் கொண்டுவந்து போட்டுவிடுவாள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அவள் விறகுதான். விறகைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்காருவாள். அந்த மரத்தில் ஒரு ஆணி. ஆணியில் அவள் டம்ளர் தொங்கும். எடுத்து நீட்டுவாள், நான் ஊற்றுவேன். குடித்துவிட்டு, அவளே கழுவி, ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். பேப்பரில் இதற்கு என்னவோ பெயர் வைத்து எழுதுகிறார்கள். என் கடையில் அப்படி எல்லாம் கிடையாது. மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். இவளுக்கு டம்ளர். அவ்வளவுதான். என் மாமனாருக்குக்கூடக் கடைசிவரை வீட்டில் தனி டம்ளர்தான், வெள்ளி டம்ளர். அதை வேறு யாரும் தொடக்கூடாது. அது மரியாதை என்றால் இது மட்டும் எப்படி அவமரியாதை ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

முன்னே அந்த மரத்தில் ஆணிகள் நிறைய இருந்தன. காலனிப் பிள்ளைகள் இப்போது யாரும் வருவதில்லை. பைபாஸ் போய்க் குடித்துக்கொள்கிறார்கள். கடைசியாக மிஞ்சினது இவள் ஒருத்தி, இந்த ஒரு டம்ளர். அதுவும் கிளாஸைவிடப் பெரிது. நிறைய ஊற்றுவேன். எட்ட நின்று உயரத் தூக்கி ஊற்றுவேன், ஒரு சொட்டு வெளியே விழாது. அந்த வித்தை எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும் வராது. என் வீட்டுக்காரருக்கே வராது.

அவர் போனது அடுப்பு முன்னால்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கடையில் ஒருத்தர் இல்லை. குருவம்மா விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரைத் தூக்கினாள். நான் காலைப் பிடித்தேன், அவள் தலைப்பக்கம். பால்வண்டியை மறித்து ஏற்றினோம். அவர் தலை வழி நெடுக அவள் மடியில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. அவர் கண்ணை மூடிவிட்டவள் அவள். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன். எங்கள் தெருவில் சிலருக்கு அது பிடிக்காது. இருந்தாலும் சொல்வேன். காரியம் முடிந்து கடையைத் திறந்த அன்றைக்குக் காலையில் முதல் டீ அவளுக்குத்தான் போட்டேன். மரத்திலிருந்து டம்ளரை எடுத்து நீட்டினாள். அழுதுகொண்டே ஊற்றினேன். அன்றைக்கும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்படி இருந்தவள்.

ஆயுதம் ஒப்படைக்கிற அன்றைக்குக் காலையில் டீ குடித்துவிட்டு அந்த டம்ளரை மணல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். என்னடா இது, பொங்கலா வருகிறது என்றுகூட நினைத்தேன். ஆனால் ஆணியில் மாட்டினாளா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. கடையில் கூட்டம்.

பள்ளிக்கூடத்து வரிசையில் அவள் முறை வந்தது. முந்தானையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. நாய் உருட்டிக்கொண்டு போனபோது என் வீட்டுக்காரர் கல்லை விட்டெறிந்ததில் வந்தது.

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். உலக்கைக்குச் சிரித்த மாதிரி இதற்கும் சிரித்தார்கள். குடத்துக்கு ஆசைப்பட்டுக் குருவம்மா டம்ளரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று. அந்த அதிகாரியும் சிரித்தபடிதான் கேட்டார்.

“என்னம்மா, டம்ளர் கொண்டுவந்திருக்கீங்க? ஆயுதம்தானே கேட்டோம்?”

குருவம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சும்மா, விறகு ஈரமாக இருக்கிறது என்று சொல்வாளே, அந்த மாதிரி.

“எங்க வீட்டுல யாரு மேலயும் அருவா பட்டதில்லம்மா. பட்டது இதுதான். எங்க ஆத்தா மேல பட்டுச்சு, எம் மேல பட்டுச்சு. பேத்தி மேல படக்கூடாதுன்னு கொண்டாந்துட்டேன்.”

அந்த அதிகாரியின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டார். டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்புறம் மற்றதுக்கெல்லாம் கட்டின மாதிரியே இதற்கும் ஒரு சீட்டைக் கட்டச் சொன்னார். அரிவாள்களுக்கு நடுவில், ஒரு இடம் ஒதுக்கி, அவரே வைத்தார். குடத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. போட்டோக்காரன் கிட்டே வந்தான்.

நான் என் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். அந்த நிமிஷம் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. கடைப் பெயர் போடவில்லை. போட்டிருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஒவ்வொருத்தராக வந்து, இது நம்ம ஊரு டம்ளரா, யாரு கடை டம்ளரு என்று தெரியாத மாதிரி கேட்டுவிட்டுப் போனார்கள். கதிரேசனுக்கு யாரோ செல்போனில் அனுப்பிவிட்டார்கள். ஏம்மா, அது நம்ம மரத்துல தொங்குறதுதான என்றான். ஆமாம் என்றேன்.  அவன் கம்பெனியில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறவன் காலனிப் பையன் மாதிரியாம், வேறு ஊர்தான். அவனும் பார்த்தானாம். ஒண்ணும் சொல்லலம்மா, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டான், அதான் தாங்க முடியல என்றான். 

எங்கள் தெரு ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஒரு டம்ளரப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்லையா உனக்கு என்றார்கள். வைக்கோல் படப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறவன் சொல்கிறான். அவனவன் ஆயுதம் அவனவனிடம் இருக்கிறது. பேப்பரில் வந்தது என் டம்ளர். நான் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை.

குருவம்மா மேல்தான் எனக்கு வருத்தம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? இத்தனை வருஷம் என் கையால் குடித்தவள். தாயி, எனக்கு இந்த டம்ளர் பிடிக்கல என்று சொல்லியிருந்தால் புதிதாக வேறு வாங்கி மாட்டியிருக்க மாட்டேனா?

ஸ்டேஷனுக்குப் போய் அதைத் திருப்பி வாங்கி வந்துவிடலாம் என்று தோன்றியது. கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அதில் வேறு வைத்துவிட்டால் போயிற்று. போனேன். ஏட்டையாவிடம் நைசாகச் சொன்னேன், ஒரு டம்ளர் தெரியாமல் வந்துவிட்டது, கொடுத்துவிடுங்கள் என்று. அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“அது யாருதும்மா?”

என்னுடையது என்றேன்.

“அப்ப நீங்கதான் ஒப்படைச்சீங்களா?”

இல்லை, ஒப்படைத்தது குருவம்மா என்றேன்.

“அவங்க பொருளா?”

ஆமாம், அவளுக்கென்று வைத்திருந்தது என்றேன்.

“அப்ப அவங்கதான வந்து கேக்கணும்? இல்ல, உங்களுதுன்னா உங்க ஆயுதம்னு நீங்க சொல்லணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

பக்கத்தில் இருந்த போலீஸ்காரர், எல்லாத்தையும் உருக்கத்தான் போறாங்க, உருக்குன பெறகு வேணா வாங்கிக்கம்மா என்றார். கேலி.  என்னுடையது என்றாலும் ஆகவில்லை, அவளுடையது என்றாலும் ஆகவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

குருவம்மா அதோடு விறகு போடுவதை நிறுத்திவிட்டாள். கேஸ் அடுப்பு வாங்கினேன். கேஸில் போட்ட டீயை டிரைவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள்.  இப்போது பஸ் நிற்காமல் போகிறது. அவள் வந்து, எல்லார் கண்ணும் பார்க்க, என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டால் போதும். ஊர் வாய் அடங்கிவிடும். கதிரேசன் தலை நிமிர்ந்துவிடுவான். நானும் சாகிறவரை அந்தக் கடையிலேயே இருந்துவிடுவேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக நான் இறங்காத இறக்கம் இல்லை.

புதுக் கண்ணாடி கிளாஸ் வாங்கினேன், எல்லாம் ஒரே மாதிரி. காலனிக்கும் போய்வருகிற தபால்காரரிடம் சொல்லி அனுப்பினேன். குருவம்மாவை வரச்சொல்லுங்கள், கிளாஸில்தான் கொடுப்பேன், பெஞ்சில் உட்காரலாம் என்று. சாயங்காலமே பதில் கொண்டுவந்தார். பதில் என்ன பதில், ஒரு கேள்விதான் கேட்டாளாம்.

“குடிச்ச கிளாச யாரு கழுவுவா?”

பாருங்கள் எவ்வளவு இடக்கு என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் அன்றைக்கெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் குடித்துவிட்டு பெஞ்சில் வைப்பார்கள், நான் எடுத்துக் கழுவுவேன், அதுதான் கடை வழக்கம். அவள் குடித்துவிட்டு வைத்தால்? அதை நான் யோசித்திருக்கவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். யார் கிளாஸையும் யாரும் கழுவ வேண்டாம் என்று பேப்பர் கப் வாங்கிப் போட்டேன். ஊருக்கே பேப்பர் கப். எங்கள் தெரு ஆட்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டேன். நான் எவ்வளவு செய்தேன் பாருங்கள். அதற்கும் அவள் வரவில்லை.

கடைசியில் நானே போனேன். ஆமாம், காலனிக்கு. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து காலனி முகப்பில் இருக்கிற தண்ணீர்க் குழாயைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். குடை எடுக்காமல் வந்துவிட்டேன். குழாயடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குருவம்மா வீடு எது என்று கேட்டேன். எனக்குத் தெரியாது பாருங்கள், இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. ஒரு பெண் வழி காட்டினாள்.

வாசலில் உட்கார்ந்து மிளகாய்வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கையை உதறிக்கொண்டாள்.

“வாங்கக்கா” என்றாள்.

தாயி என்றுதான் கூப்பிடுவாள் எப்போதும். அக்கா என்கிறாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் அவள். அதைக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், உட்கார்ந்தேன். உள்ளே அந்தக் குடம் இருந்தது. என் வீட்டில் இருக்கிற அதே குடம். அதே கடைக்காரர் பெயர். என் வீட்டில் அது பரணில் கிடக்கிறது. அவள் வீட்டில் மினுங்கிக்கொண்டு இருந்தது.

என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் கூட்டிச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.  விறகு போட வரவில்லையே என்றேன். முட்டி வலி என்றாள். பேத்தி நர்சு படிப்புக்கு டவுனில் சேர்ந்திருக்கிறாள் என்றாள். நல்லது என்றேன். கதிரேசன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். டம்ளரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கடைக்கு வா என்றேன். பெஞ்சில் உட்கார்ந்து குடி, எல்லாரும் பார்க்கட்டும் என்றேன்.  வெயில்ல வந்திருக்கீகளே என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அந்தக் குடத்தைச் சாய்த்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். நல்ல டம்ளர், புதிது. இரண்டு கையாலும் நீட்டினாள்.

எனக்குத் தாகம்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் கையில் மிளகாய்க் காரம் இருக்கும், அதனால்தான் விளிம்பில் விரல் படாமல் அடியில் பிடித்திருந்தாள். சுத்தக்காரி. என்னைவிடச் சுத்தக்காரி. என் கை நீண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பாதிவரைக்கும் நீண்டது. இதைக் குடித்துவிட்டால் முடிந்தது, நாளைக்குக் காலையில் விறகோடு வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். குழாயடியிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெரு முனையில் எங்கள் ஆள் ஒருத்தரும் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக இல்லை. அவரை நான் பொருட்படுத்தவே இல்லை. அவர் இல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“இன்னைக்குச் செவ்வாக்கெழமல்ல. எனக்கு விரதம்.”

குருவம்மா கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் அப்படியே வைத்திருந்தாள்.

“தண்ணிகூடவாக்கா?”

“தண்ணிகூடத்தான்.”

எந்தச் சாமிக்கு, எதற்காக என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எதையாவது சொல்லியிருப்பேன். டம்ளரை ஓரமாக வைத்து ஒரு தட்டால் மூடினாள். திரும்பவும் உட்கார்ந்து ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

“சரிக்கா. வெரதம் என்னைக்கு முடியுதோ, அன்னைக்கு வாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அவ்வளவு தன்மையாகச் சொன்னாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. நாலு வார்த்தை வைதிருந்தால் நானும் வைதுவிட்டு வந்திருப்பேன். தெருமுனைவரை கூடவே வந்து வழியனுப்பிவிட்டுப் போனாள். கல்லு கிடக்கு, பாத்துப் போங்க என்றாள்.

கடைக்கு வந்தேன். பானையில் மொண்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன். மார்பெல்லாம் நனைந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக, அம்மன் நாளைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கிறேன். நான் வாழ்நாளில் விரதம் இருந்தவள் இல்லை. டீக்கடைக்காரிக்கு என்ன விரதம், காலையில் பாலைக் காய்ச்சியதும் ருசி பார்க்க வேண்டாமா? அன்றைக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து விரதம் இருக்கிறேன். நிஜமான விரதம். பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பால் ருசி பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்கிறேன். குருவம்மா யாரிடமாவது விசாரித்தால், செண்பகம் செவ்வாய்க்கிழமை விரதமாமே என்று கேட்டால், ஆமாம் என்று ஊரே சொல்லும். என்னைப் பொய்க்காரி என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

மற்ற நாளில் போகலாம்தான். நீங்கள் அதைத்தானே கேட்கிறீர்கள்? புதன்கிழமை விடிந்ததும், இன்றைக்குப் போய்விட வேண்டும் என்றுதான் எழுந்திருக்கிறேன். தலைகூட வாரிக்கொள்வேன். யாராவது டீக்கு வந்துவிடுவார்கள். வியாழக்கிழமை போகலாம் என்று தோன்றும். வெள்ளிக்கிழமை குழாயடிவரைக்கும் ஒரு தடவை போனேன். போனால் குடிக்க வேண்டும் இல்லையா? இப்படியே போய்ச் செவ்வாய்க்கிழமை வந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை வந்துவிட்டால் எனக்கு ஒரு நிம்மதி. அன்றைக்கு அவள் முன்னால் போய் நின்றால்கூட, நான் சொன்னது சொன்னதுதான்.

வண்டி ஓட்டலில் நிற்கிறது போலிருக்கிறதே. எல்லாரும் இறங்குகிறார்கள். நீங்கள் போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பையை நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லையம்மா, எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். அந்தத் தண்ணீர்ப் பாட்டிலையும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். பேசிப் பேசித் தொண்டை வறண்டு கிடக்கிறது, நிஜம்தான். ஆனாலும் இன்று செவ்வாய். பொழுது சாயட்டும்.